கடலுக்குப் போகலாம், முதலில் நாள் பாருங்கள்!

தாம்பரத்துக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?

ரொம்பத் தூரம் இல்லை. கிழக்கே நேர்க்கோடு போட்டு அளந்தால் சுமார் 15 கிலோ மீட்டர். அவ்வளவுதான்!

ஆனால் தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கடற்கரை என்றால் அவர்களுக்கு பஜ்ஜி தெரியும். ராட்டினம் தெரியும். குதிரைச் சவாரி தெரியும்.

கடல் தெரியாது!

இது பிள்ளைகளின் குற்றம் அல்ல. அழைத்துப் போகிற பெரியவர்களின் குற்றம்.

மனைவி கேட்ட கேள்வி

மேற்குத் தாம்பரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவனுக்கு ரெயில்வே பணிமனையில் வேலை. மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறாள். பிள்ளைகள் இரண்டு பேர். கூடவே ஒரு ஆயா.

"என்னங்க, பரீட்சை முடியப்போகுது. பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போக வேண்டாமா?"

"கடலுக்குப் போகலாம். கோவளத்தில் அறை வாடகை என்ன என்று கேட்கிறேன்."

"நாம் அறையைப் பார்க்கப் போகிறோமா, கடலைப் பார்க்கப் போகிறோமா?"

மனைவி கேட்டது சரியான கேள்வி!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளுக்குக் குறைவில்லை. ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவை ஒரே ராத்திரி வாடகையாக வாங்குகிற இடங்களும் உண்டு. அங்கே நீச்சல் குளம் இருக்கும். குளிர்ந்த அறை இருக்கும். டெலிவிஷன் இருக்கும். இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தால் குளத்தில் குளித்ததுதான் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்கும்.

இதற்குக் கடற்கரை எதற்கு?

கடலைப் பார்க்கிற பயணத்துக்கு முதலில் தேட வேண்டியது அறை அல்ல. மாதம். அடுத்தது நேரம். அதற்குப் பிறகுதான் மற்றது எல்லாம்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். வீடு கட்ட நாள் பார்க்கிறோம். கடலுக்கும் நாள் பார்க்க வேண்டும்!

எந்த மாதம் நல்லது?

அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் வரும். கடல் கொந்தளிக்கும். அப்போது பிள்ளைகளோடு போக வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். காலையில் குளிர்ச்சியாக இருக்கும். வெளியூர்ப் பறவைகள் வந்திருக்கும். கடல் ஆமைகளும் கரைக்கு வரும்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் பள்ளிக்கூட விடுமுறை. ஆனால் வெயில் கொளுத்தும். அந்த நாட்களில் போகிறவர்கள் காலை 9 மணிக்குள் கரையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அல்லது மாலை 4½ மணிக்கு மேல் போக வேண்டும். நடுப்பகலில் மணலில் கால் வைத்தால் கொப்புளம்தான் மிஞ்சும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் பெருகுவதற்காக அந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் விலை ஏறியிருக்கும். "கடற்கரைக்குப் போனால் மீன் மலிவாகக் கிடைக்கும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள்!

பங்குனி ஆமை

சென்னைக் கடலுக்கு ஆண்டுதோறும் ஒரு விருந்தாளி வருகிறது. பெயர், பங்குனி ஆமை.

பங்குனியை ஒட்டிக் கரைக்கு வருவதால் அந்தப் பெயர். உண்மையில் தை மாதமே வர ஆரம்பித்துவிடும்.

எடை சுமார் 40 கிலோ. ஓட்டின் நீளம் 2 அடிக்குச் சற்று மேல். ஆயுள் முழுவதும் கடலிலேயே இருக்கும் பிராணி இது. ஆண் ஆமை கரைக்கு வருவதே அபூர்வம். பெண் ஆமை மட்டும் முட்டை இடுவதற்காகக் கரை ஏறும்.

எந்தக் கரைக்கு வரும்? தான் பிறந்த பகுதியின் கரையைத் தேடியே வரும்!

அதாவது, பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிறது!

ராத்திரியில் மெல்ல ஊர்ந்து மேட்டு மணலுக்கு வரும். பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டும். 100க்கு மேற்பட்ட முட்டைகள் இடும். குழியை மூடும். உடம்பால் மணலைத் தட்டி இறுக்கும். பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும்.

முட்டை இடும்போது ஆமையின் கண்ணில் நீர் வடியும். "வலியில் அழுகிறது" என்பார்கள். அது அழுகை அல்ல. உடம்பில் சேர்ந்த உப்பைக் கண்ணின் வழியாக வெளியேற்றுகிறது. ஆனாலும் அதைப் பார்க்கிற தாய்மார்களின் கண்ணும் கலங்கத்தான் செய்யும்.

45 முதல் 60 நாட்களில் குஞ்சு பொரிக்கும். முட்டையைச் சூடாக்குவது தாய் அல்ல, மணல். மணலின் சூடு அதிகமாக இருந்தால் பெண் குஞ்சு. குறைவாக இருந்தால் ஆண் குஞ்சு!

1,000 குஞ்சுகள் கடலுக்குள் போனால், வளர்ந்து பெரிய ஆமை ஆவது ஒன்று என்பது பொதுவான கணக்கு. மற்றவை மீனுக்கும் பறவைக்கும் இரையாகிவிடும்.

கடிதம் சுமந்த பாட்டில்

இந்த ஆமைகளுக்காகவே வாழ்ந்த ஒரு மனிதர் உண்டு. பெயர் சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர். படிப்பை விடக் கடல் அவரை இழுத்துக்கொண்டது.

1977ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் கரைகளையும் தீவுகளையும் நடந்தே ஆராய்ந்தார். எந்தக் கரையில் எந்த ஆமை முட்டை இடுகிறது என்று எழுதி வைத்தார். அவர் ஆராய்ந்த கரையின் நீளம் 4,000 கிலோ மீட்டருக்கு மேல்!

1982ஆம் ஆண்டு மழைக்காலத்தில் லட்சத்தீவில் ஆள் இல்லாத ஒரு தீவில் தன்னந்தனியாகத் தங்கினார். படகுப் போக்குவரத்து கிடையாது. தபால் கிடையாது. மனைவிக்குக் கடிதம் எழுதினார். பாட்டிலில் அடைத்தார். கடலில் போட்டார்.

அது எங்கே போயிற்று தெரியுமா? இலங்கையில் ஒரு மீனவர் கையில் சிக்கியது. அந்த நல்ல மனிதர் அதைத் தபாலில் சேர்த்தார். கடிதம் மனைவிக்குக் கிடைத்தது!

சதீஷ் பாஸ்கர் 2023ஆம் ஆண்டு காலமானார். பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்த கதை இது. சினிமாக் கதையை விட ருசியாக இருக்கும்.

ராத்திரி நடை

சென்னையில் ஆமைகளுக்காகக் கரையில் நடப்பது 1970களின் முற்பகுதியில் தொடங்கியது. குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள். இல்லாவிட்டால் நாய் தோண்டித் தின்றுவிடும்.

1988ஆம் ஆண்டு மாணவர்கள் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். அதன் பெயர் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு. சம்பளம் இல்லை. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ராத்திரி கண் விழித்து நடந்தார்கள். அந்த நடை நிற்கவில்லை. வனத்துறையும் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் பொரிப்பகங்கள் வைத்து முட்டைகளைக் காக்கிறது.

ஆமைப் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோ மீட்டர் நடை. நள்ளிரவை ஒட்டி ஆரம்பித்து விடியற்காலை வரை நீளும். வார இறுதி நாட்களில் பொதுமக்களையும் கூட்டிப் போவது வழக்கம். முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சில நிபந்தனைகள் உண்டு. டார்ச் லைட் அடிக்கக் கூடாது. போட்டோ வெளிச்சம் கூடாது. கூச்சல் போடக் கூடாது. முட்டையைத் தொடக் கூடாது. கடல் ஆமையைப் பிடிப்பதும் முட்டை எடுப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம்.

இவ்வளவு நடந்தும் ஆமை வராமல் போகலாம்! கட்டணம் வாங்கிக் காட்டுகிற வேடிக்கை அல்லவே அது? வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டாலும் ஒரு முழு ராத்திரி கடலோடு இருந்தது லாபம்.

சிறு குழந்தைகளுக்கு இந்த நடை தோதுப்படாது. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். நாள், நேரம் விசாரித்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். ஒரு தீப்பெட்டி நீளமே உள்ள குஞ்சு, அலையைப் பார்த்து ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே! ஒரு தரம் பார்த்த பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

வெளிச்சம்தான் எமன்

குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

ராத்திரியில் கடல் பக்கம் வானம் வெளிச்சமாக இருக்கும். கரைப் பக்கம் இருட்டாக இருக்கும். வெளிச்சம் உள்ள பக்கம் ஓடு என்பது குஞ்சின் பிறவிக் குணம்.

இப்போது கரைப் பக்கம் என்ன இருக்கிறது? பங்களா விளக்கு. விடுதி விளக்கு. தெரு விளக்கு. எல்லாம் கடலை விடப் பிரகாசம்!

குஞ்சு ஏமாந்து சாலையை நோக்கி ஓடுகிறது. நாய் பிடிக்கிறது. காக்கை கொத்துகிறது. வண்டிச் சக்கரம் நசுக்குகிறது. விடிந்தால் வெயிலில் காய்ந்து கிடக்கிறது.

விடுமுறைக்கு வந்தவர்கள் மொட்டை மாடியில் போட்ட ஒரு விளக்கு, நூறு குஞ்சுகளுக்கு எமன் ஆகலாம்.

விளக்கை அணைக்கக் காசு வேண்டியதில்லை. மனம்தான் வேண்டும்!

கரையில் ஒதுங்கிய பிணங்கள்

2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு கொடுமை நடந்தது. சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் கரைகளில் 1,000க்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின!

காரணம் என்ன? ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நம்மைப் போல அதுவும் மூச்சு விட வேண்டும். அடிக்கடி மேலே வர வேண்டும். இழுவை வலையில் சிக்கினால் மேலே வர முடியாது. மூச்சு முட்டிச் செத்துவிடும்.

பருவக் காலத்தில் ஆமைகள் கரையை ஒட்டியே இருக்கும். அதனால்தான் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை போடக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையில் சிக்கிய ஆமை வெளியே போக வழி விடும் கருவியும் இருக்கிறது. விதியும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, ஆமை மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது!

"வலைக்காரர் செய்ததற்கு, விடுமுறைக்குப் போகிற குடும்பம் என்ன செய்யும்?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். விசைப்படகைத் தடுக்க வேண்டியது சர்க்கார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஜனங்களுக்கு அக்கறை உள்ள காரியத்தில்தான் சர்க்காருக்கும் அக்கறை வரும். ஆமையைக் கண்ணால் பார்த்த ஆயிரம் குடும்பங்கள் தாம்பரத்தில் இருந்தால், அது செத்து ஒதுங்கும்போது கேள்வி கேட்க ஆயிரம் வாய் இருக்கும். பார்க்காதவர்களுக்கு அது வெறும் செய்தி!

ஒரு நாள் பயணம்

சரி, பகலில் என்ன பார்க்கலாம்?

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சுமார் 30 கிலோ மீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் போய்விடலாம்.

கோவளத்தில் காலையில் மீன் படகுகள் கரை சேரும். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்தான் உலகம் முழுவதும் போய் இங்கிலீஷ் அகராதியிலும் ஏறியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் வலை பிரிக்கிற இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள். நமக்கு அது கடற்கரை. மீனவருக்கு அதுதான் பட்டறை, கடை, களம் எல்லாம்.

கோவளம் கடற்கரையின் ஒரு பகுதிக்குச் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்று 2021ஆம் ஆண்டு கிடைத்தது. குளிக்கிற ஆசை இருந்தால், காவல் ஆட்கள் இருக்கும் அத்தகைய இடத்தில் குளிப்பதே புத்திசாலித்தனம்.

பக்கத்தில் முட்டுக்காடு. உப்பங்கழி கடலோடு சேர்கிற இடம். படகுக் குழாம் இருக்கிறது. படகில் ஏறாமல் பாலத்துப் பக்கம் நின்றாலும் கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி பார்க்கலாம். காசு செலவில்லை!

இன்னும் தெற்கே வடநெம்மேலி. அங்கே முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் 1976ஆம் ஆண்டு தொடங்கியது. நம் ஏரி முதலைகள் அழிந்துபோகும் நிலையில் இருந்தன. அவற்றைப் பெருக்கி ஆற்றிலும் ஏரியிலும் விடுவதற்காகத் தொடங்கினார்கள். வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இருளர் பெருமை

வடநெம்மேலியில்தான் இருளர் பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு ஏற்பட்டது.

ஒரு காலத்தில் இருளர் பாம்பைப் பிடித்துத் தோலுக்காக விற்றுப் பிழைத்தார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. தோல் வியாபாரம் நின்றது. பிழைப்புப் போயிற்று.

பிறகு அதே கைத்திறமை உயிர் காக்கும் தொழிலாக மாறியது! நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடிப்பார்கள். விஷத்தை எடுப்பார்கள். பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். பாம்புக்கடிக்கு ஊசி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்குவது மட்டும் அறிவு அல்ல என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதை விட நல்ல இடம் எது?

கொடியைப் பிடுங்காதீர்கள்

கரை மணலில் ஊதாப் பூ பூத்த ஒரு கொடி படர்ந்திருக்கும். அதுதான் அடம்பன் கொடி. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று பழமொழி சொல்கிறதே, அந்தக் கொடி!

காற்றில் பறக்கும் மணலை அது பிடித்து நிறுத்துகிறது. முள் முள்ளாக உருண்டையாக இருக்கும் ராவணன் மீசைப் புல்லும் அதே வேலையைச் செய்கிறது. மணல் மேடு இருந்தால்தான் அலை ஊருக்குள் வருவது குறையும். ஆமைக்கும் முட்டை இட இடம் கிடைக்கும்.

காரை மணல் மேட்டில் ஏற்றுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் போனால் கொடி சாகும். கீழே முட்டைக் குழி இருந்தால் அதுவும் போகும்.

தாம்பரத்துக் குப்பை எங்கே போகிறது?

"நாங்கள் கடற்கரையில் குப்பை போடுவதில்லை" என்று பலர் சொல்லலாம். வீட்டுத் தெருவில் போடுவதில்லையா?

சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடுத்தவை. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் கீழே இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய். கடைசியில் முட்டுக்காட்டுக் கழிமுகம் வழியாகக் கடல்!

மேற்குத் தாம்பரம், முடிச்சூர்ப் பக்கத்துத் தண்ணீர் அடையாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த முடிச்சூர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, சேலையூர்க் கால்வாயில் எறிந்த பிளாஸ்டிக் பை, பஸ் ஏறாமலே கோவளம் போய்ச் சேருகிறது! ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமை அதை விழுங்குகிறது.

அன்று ஒரு பாட்டில் கடலில் கடிதம் சுமந்தது. இன்று மிதக்கும் பாட்டில்களில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை!

பள்ளிக்கரணை 2022ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. குளிர் காலத்தில் பூநாரைகளும் அங்கே வரும். கடலுக்குப் போகிற வழியில் அதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். தங்கள் ஊர் மழை எங்கே போகிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உயிர் முக்கியம்

கடல் அழகானதுதான். ஆனால் விளையாட்டுத் தோழன் அல்ல.

அலையாக வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? சில இடங்களில் அது ஒரு வாய்க்காலைப் போல வேகமாகத் திரும்பும். அதுதான் இழுப்பு. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்கும். நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும். "இங்கே அலை இல்லை" என்று தெரியாதவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள்!

இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர் நீச்சல் போடக் கூடாது. கை ஓய்ந்துவிடும். பதறாமல் மிதக்க வேண்டும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலக வேண்டும். பிறகு கரைக்குத் திரும்பலாம். கரையில் இருப்பவர் தானும் குதிக்கக் கூடாது. கயிறோ, காலிக் குடமோ, மிதக்கும் எதையோ எறிந்துவிட்டு மீனவரைக் கூப்பிட வேண்டும்.

"இங்கே இறங்கலாமா?" என்று மீனவரைக் கேட்டுவிட்டு இறங்குவது எல்லாவற்றிலும் நல்லது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குடித்துவிட்டு இறங்குகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 காலையை யாரும் மறக்க முடியாது. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். அந்த ஒரு பாடம் உயிரைக் காக்கும்.

மூட்டையில் என்ன?

கட்டுச்சோறு போதும். புளிச்சோறு, தயிர்ச்சோறு, எலுமிச்சை ஊறுகாய். வாழை இலையில் கட்டினால் பிளாஸ்டிக் வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் கூஜா. தலைக்குத் துண்டு. ஆயாவுக்கு உட்கார ஒரு பாய். குப்பையைத் திரும்பக் கொண்டு வர ஒரு துணிப் பை.

ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். பார்த்த பறவை, நண்டு, கிளிஞ்சல் எல்லாவற்றையும் பிள்ளை எழுதட்டும். உயிர் உள்ள சங்கை எடுத்து வர வேண்டாம். வீட்டுக்கு வருமுன் செத்து நாறும்!

யார் என்ன செய்ய வேண்டும்?

குடும்பம் மட்டும் திருந்தினால் போதாது.

கடலைப் பார்த்த வீடுகளும் விடுதிகளும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரி 11 மணிக்கு மேல் கடல் பக்க விளக்கை அணைக்க வேண்டும். "எங்கள் விடுதியில் விளக்கு அணைப்போம்" என்று அவர்கள் விளம்பரமே செய்யலாம். நல்ல குடும்பங்கள் அதைப் பார்த்து வரும்.

ஆமைப் பருவத்தில் சனி, ஞாயிறு விடியற்காலைகளில் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குக் கூடுதல் பஸ் விட வேண்டும். கார் வைத்திருப்பவருக்கு மட்டும் கடல் சொந்தம் அல்ல.

தென் சென்னைப் புறநகர்ப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றும், ஒரு பிள்ளையைப் படித்து முடிப்பதற்குள் ஒரு தரமாவது ஆமைக் குஞ்சு விடும் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

5 கடல் மைல் விதியைச் சர்க்கார் கண்டிப்பாக அமல் நடத்த வேண்டும். ஆமை செத்த பிறகு எண்ணுவது வேலை அல்ல. சாகாமல் பார்ப்பதுதான் வேலை.

"விடுமுறை என்பது ஓய்வுக்குத்தானே! அங்கேயும் பாடமா?" என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள்.

பாடம் என்று நினைத்தால்தான் பாரம். பிள்ளைகள் அப்படி நினைப்பதில்லை. மணலில் ஓடும் நண்டைத் துரத்துகிற பிள்ளைக்கு, அந்த நண்டு எங்கே ஒளிகிறது என்று தெரிந்தால் சந்தோஷம் இரட்டிப்பு ஆகும். அவ்வளவுதான் சங்கதி.

ஆயா சொன்ன நாள்

மேற்குத் தாம்பரத்துக் குடும்பம் என்ன ஆயிற்று?

கணவன் அறைக்கு விசாரிப்பதை விட்டுவிட்டு, காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். எந்த ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று மாசி மாதத்துத் தாளைப் புரட்டினான்.

"பங்குனியிலே போகலாம்டா" என்றாள் ஆயா.

"ஏன் ஆயா?" என்றான் பேரன்.

"ஆமைக் குஞ்சு கடலுக்குப் போற மாசம் அதுதானே? பிரசவமாகித் தாய் போயிட்டுது. வழியனுப்ப நாமாவது போக வேண்டாமா?"

ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நாள் பார்க்கத் தெரியும்!